அரசனின் கோல் வீட்டு வாசலைத் தாண்டலாமா?

சாணக்கியர் என்றதும் இன்று பலருக்கு நினைவுக்கு வருவது வாட்ஸப்பில் காலை வணக்கத்தோடு வந்து விழும் பொன்மொழிகள்தான். அவற்றில் பாதிக்கும் அவருக்கும் சம்பந்தம் இருக்குமா என்பது சந்தேகமே. அடுத்தபடியாக ஒற்றர்கள், சூழ்ச்சி, பகைவனின் பகைவன் நண்பன். கௌடில்யர் என்ற பெயரில் அவர் எழுதியதாகச் சொல்லப்படும் அர்த்தசாஸ்திரத்தைப் பொறுமையாகப் புரட்டினால் வேறு விஷயங்களும் கண்ணில் படும். 15 பகுதிகள் கொண்ட அந்த நூலின் மூன்றாம் பகுதி முழுக்க வழக்கு விசாரணை பற்றியது. அதில் குடும்ப விவகாரம் தொடங்கும் இடத்தில் முதல் வரியே, வழக்குகளுக்கெல்லாம் முன்னால் நிற்பது திருமணம் என்கிறது. பெண்ணின் தனிச்சொத்து யாருக்குப் போகும், வெளியூர் போன கணவனுக்காக மனைவி எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும், இருவருக்குமே ஒருவரையொருவர் பிடிக்காமல் போனால் பிரியலாமா என்று வரிசையாகப் போகிறது. பிரியலாம் என்கிறார் கௌடில்யர். ஆனால் தர்ம விவாகம் எனப்பட்ட முதல் நான்கு வகைத் திருமணங்களில் பிரிவு கிடையாது என்றும் சொல்லிவிடுகிறார்.

ஏறத்தாழ 2000 ஆண்டுகள் கழித்து, 1951 செப்டம்பரில், சுதந்திர இந்தியாவின் முதல் சட்ட அமைச்சர் பதவி விலகினார். அம்பேத்கர் சொன்ன காரணங்களில் பெரியது, இந்து சட்டத் தொகுப்பு மசோதா கிடப்பில் போடப்பட்டது. விஷயம் அதேதான்: திருமணம், பிரிவு, பெண்ணின் சொத்து.

இந்திய அரசியல் சிந்தனை என்ற தலைப்பில் பாடப்புத்தகங்கள் கௌடில்யர், அசோகர், அக்பர், ராம்மோகன் ராய், காந்தி, அம்பேத்கர் என்று ஒரு வரிசையைத் தருகின்றன. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் என்ன பேச்சுவார்த்தை என்பது அதில் தெரியாது. என்னைக் கேட்டால் இவர்கள் எல்லோரையும் ஒரே சண்டைக்குள் நிறுத்திவிடலாம். அரசின் கையில் இருக்கும் கோல், ஏற்கெனவே இருக்கிற சமூக அடுக்கைக் காவல் காக்கத்தானா? இல்லை, அந்த அடுக்கையே கலைக்க அதை எடுக்கலாமா?

காவல்காரன் எதைக் காத்தான்?

பழைய வடமொழி நூல்கள் அரசு ஏன் வேண்டும் என்பதற்குச் சொல்லும் காரணம் மத்ஸ்ய நியாயம். தண்டம் இல்லாத இடத்தில் பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும். அர்த்தசாஸ்திரமும் இதைச் சொல்கிறது, மகாபாரதத்தின் சாந்தி பருவமும் சொல்கிறது. இதுவரை யாருக்கும் சண்டை இல்லை. வலியவனிடமிருந்து எளியவனைக் காப்பாற்ற ஒரு கோல் வேண்டும் என்பது எந்த நாட்டிலும் ஏற்கப்படும் வாதம்.

அந்தக் கோல் எந்த ஒழுங்கைக் காக்கும் என்று கேட்கும்போதுதான் கதை மாறுகிறது. சாந்தி பருவத்தில் பீஷ்மர் யுதிஷ்டிரனுக்குச் சொல்கிறார்: ஆதியில் அரசும் இல்லை, அரசனும் இல்லை, தண்டனையும் இல்லை, தண்டிப்பவனும் இல்லை. பிறகு மக்கள் நெறி தவறினார்கள். பல தலைமுறைகள் தாண்டி வேனன் என்ற கொடுங்கோலன் வந்தான். ரிஷிகள் அவனைக் கொன்றார்கள். அவன் உடலிலிருந்து பிருது பிறந்தான். அவனிடம் ஓர் உறுதிமொழி வாங்கினார்கள். அதில் இரண்டு ஷரத்துகள் முக்கியம். பிராமணர்கள் தண்டிக்கப்படக் கூடாதவர்கள் என்பது ஒன்று. வர்ணக் கலப்பிலிருந்து உலகத்தைக் காப்பேன் என்பது இன்னொன்று. அரசனையே கொல்லலாம் என்று ஒப்புக்கொள்ளும் துணிச்சலான கதை இது. அந்தத் துணிச்சலைக் காட்டிய கையோடு புது அரசனுக்குக் கொடுத்த வேலை, அடுக்கு குலையாமல் பார்த்துக்கொள்வது.

கௌடில்யர் இதில் கொஞ்சம் சிக்கலான ஆள். நான்கு வர்ணங்களுக்கும் நான்கு வாழ்க்கை நிலைகளுக்கும் உரிய கடமைகளைப் பட்டியலிட்டு, மக்கள் அவற்றிலிருந்து வழுவ அரசன் விடக்கூடாது என்று முதல் பகுதியிலேயே எழுதிவிடுகிறார். ஆனால் மூன்றாம் பகுதியில், ஒரு வழக்கைத் தீர்க்க தர்மம், நடைமுறைச் சான்று, வழக்கம், அரசாணை என்று நான்கு கால்கள் உண்டு, பின்னால் வருவது முன்னால் உள்ளதை மீறும் என்கிறார். அப்படியானால் அரசாணைதான் எல்லாவற்றுக்கும் மேல். இந்த வரியை எப்படிப் படிப்பது என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எதுவானாலும், சாஸ்திரத்தை மீற அரசனுக்கு ஒரு வாசல் திறந்திருந்தது என்ற எண்ணம் அங்கே இருக்கிறது.

அந்த வாசல் எவ்வளவு குறுகியது என்பதை அடிமைகள் பற்றிய அத்தியாயம் காட்டிவிடுகிறது. ஆரியனாகப் பிறந்தவனை, சூத்திரன் உட்பட, அடிமையாக விற்கக் கூடாது என்கிறார் கௌடில்யர். அந்தக் காலத்துக்குப் பெரிய பாதுகாப்பு. வயதுக்கு வராத பிள்ளையைச் சொந்தக்காரர்களே விற்றால் அபராதம். எவ்வளவு? பிள்ளை சூத்திரனானால் 12 பணம். வைசியன் என்றால் அதில் இரு மடங்கு, க்ஷத்திரியன் என்றால் மூன்று மடங்கு, பிராமணன் என்றால் நான்கு மடங்கு. பாதுகாப்பு தரும்போதுகூட படிக்கட்டு போட்டுத்தான் தந்தார்கள். பிற்காலத்தில் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று பெயர் வைத்தது இதற்குத்தான்.

எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பாலி மொழியில் உள்ள அக்கஞ்ஞ சுத்தம் என்ற பௌத்த நூலில் புத்தர் வேறொரு தோற்றக் கதை சொல்கிறார். கேட்பவர்கள் வாசெட்டன், பாரத்வாஜன் என்ற இரண்டு பிராமண இளைஞர்கள். துறவியாக வந்ததற்காகச் சொந்த சாதியாரிடம் வசை வாங்கிக்கொண்டிருப்பவர்கள். நெல் விளைந்தது, வரப்பு வந்தது, திருட்டு வந்தது. மக்கள் கூடித் தங்களில் ஒருவனைத் தேர்ந்தெடுத்து, குற்றம் செய்பவனைத் தண்டி, எங்கள் நெல்லில் பங்கு தருகிறோம் என்றார்கள். அவன்தான் மகாசம்மதன், எல்லோராலும் ஏற்கப்பட்டவன். வர்ணப் பெயர்கள் செய்த வேலையால் வந்தவை, எல்லோரும் ஒரே மனிதக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள். பிருதுவின் உறுதிமொழிக்கு இங்கே இடமே இல்லை.

அசோகர் அதை ஆட்சிக்குள் கொண்டுவரப் பார்த்தார். அவருடைய நான்காம் தூண் கல்வெட்டு, விசாரணையிலும் தண்டனையிலும் சமநிலை இருக்க வேண்டும் என்று அதிகாரிகளுக்குச் சொல்கிறது. மரண தண்டனை பெற்றவர்களுக்கு மூன்று நாள் அவகாசமும் தருகிறது. சமநிலை என்றால் சாதி பார்க்காத நீதியா, அதிகாரிக்கு அதிகாரி மாறாத ஒரே நடைமுறையா என்று இங்கேயும் விவாதம் உண்டு. ஆனால் அபராதத்தில் படிக்கட்டு கட்டும் நூல்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தொனி வேறு என்பது தெளிவு. வீட்டுக்குள்ளும் அவர் மூக்கை நுழைத்தார். நோய், கல்யாணம், பிள்ளைப்பேறு, பயணம் என்று வந்தால் பெண்கள் செய்யும் சடங்குகள் அற்பமானவை, பலன் குறைவு என்று ஒன்பதாம் பாறைக் கல்வெட்டில் வெட்டி வைத்திருக்கிறார். பாவம், அந்தப் பெண்கள் என்ன நினைத்தார்களோ, அதைக் கல்லில் வெட்ட யாரும் இல்லை.

தமிழில் திருக்குறளின் பொருட்பாலும் இந்த உரையாடலில் சேர்ந்ததுதான். படை, குடி, கூழ், அமைச்சு, நட்பு, அரண் ஆகிய ஆறும் உடையவனே அரசருள் ஏறு என்னும் குறளும், அர்த்தசாஸ்திரம் சொல்லும் அரசின் ஏழு உறுப்புகளும் அரசனையும் சேர்த்து எண்ணினால் பொருந்திவிடும். ஆனால் செங்கோன்மை அதிகாரத்தின் முதல் குறள், யார்மாட்டும் தேர்ந்து செய்வதே முறை என்கிறது. பிறப்பைப் பார்த்து அபராதம் கூடும், குறையும் என்ற பேச்சு அங்கே கிடையாது. அதை உள்ளே கொண்டுவந்தவர் உரையாசிரியர். தன் உரைப் பாயிரத்தில் பரிமேலழகர் அறத்தை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என்று மூன்றாகப் பிரித்து, ஒழுக்கமாவது அந்தணர் முதலிய வருணத்தார் தத்தமக்கு விதிக்கப்பட்ட நிலைகளில் வழுவாமல் நடப்பது என்று விளக்கம் தருகிறார். மூலத்துக்கும் உரைக்கும் நடுவில் நூற்றாண்டுகள் ஓடியிருந்தன. அதற்குள் காவல்கார அரசன் இங்கேயும் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

இடைக்காலத்தை இரண்டு பேரோடு கடந்துவிடலாம். 14ஆம் நூற்றாண்டில் டெல்லி சுல்தானின் அவையில் இருந்த ஜியாவுதீன் பரணி, மத நூலுக்கு அப்பால் அரசன் தன் சட்டங்களை இயற்றியே தீர வேண்டும் என்று ஒப்புக்கொண்டவர். அதே பேனாவால், இழிபிறப்பினருக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தரக் கூடாது என்றும் எழுதியவர். மதம் மாறியது, படிக்கட்டு மாறவில்லை. அக்பர் 1564இல் முஸ்லிம் அல்லாதவர்கள் மீதான ஜிஸியா வரியை நீக்கினார், விருப்பமில்லாத பெண்களை உடன்கட்டை ஏற்றக் கூடாது என்று தடுத்தார், குழந்தைத் திருமணத்துக்கு எதிராக வயது வரம்பு சொன்னார். அவர் போன பிறகு அதைத் தாங்கிப் பிடிக்க ஓர் அமைப்பு இல்லை. ஒரு தனிமனிதரின் நல்லெண்ணத்தில் நின்ற சீர்திருத்தம் அந்த அளவோடு நின்றது.

அந்நியன் கையில் இருந்த கோல்

1772இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள கவர்னர் வாரன் ஹேஸ்டிங்ஸ் ஒரு திட்டம் போட்டார். வாரிசுரிமை, திருமணம், சாதி போன்ற விஷயங்களில் இந்துக்களுக்கு சாஸ்திரப்படியும் முஸ்லிம்களுக்கு குரான்படியும் தீர்ப்பு சொல்லப்படும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நடந்தது என்னவென்றால், ஊருக்கு ஊர், சாதிக்கு சாதி வேறுபட்டு நெகிழ்ந்து கிடந்த வழக்கங்களுக்கு மேலே பண்டிதர் கையிலிருந்த ஏடு சட்டமாக ஏறி உட்கார்ந்தது. மறுமணமும் பிரிவும் சகஜமாக இருந்த சாதிகள் ஏராளம். நீதிமன்றத்தின் கண்ணுக்கு இந்து என்றால் இன்னது என்று ஓர் அச்சு உருவாக ஆரம்பித்தது இங்கேதான். வணிகம், நிலம், குற்றம் எல்லாவற்றிலும் கம்பெனி கைவைத்தது. குடும்பம் மட்டும் மதத்தின் பங்காக ஒதுக்கப்பட்டது.

அந்த ஒதுக்கீட்டில் முதல் பெரிய உடைப்பு 1829 டிசம்பர் 4 அன்று வந்த உடன்கட்டைத் தடை. வங்காளச் சீர்திருத்தவாதி ராம்மோகன் ராயின் பெயரோடு அது சேர்ந்தே நினைக்கப்படுகிறது. ஆனால் சட்டம் வருவதற்கு முன் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் அவருடைய கருத்தைக் கேட்டபோது, நேரடித் தடை வேண்டாம், நிபந்தனைகளை இறுக்கி, போலீஸ் வழியாகச் சத்தமில்லாமல் குறைக்கலாம் என்றுதான் ராய் சொன்னார். பெண்டிங்கின் குறிப்பிலேயே இது பதிவாகியிருக்கிறது. அந்நிய அரசு மதத்தில் கைவைக்கிறது என்ற கூச்சல் எழும் என்ற அச்சம் அவருக்கு. சட்டம் வந்ததும் அதற்கு ஆதரவாக முழு மூச்சில் நின்றார். அதை எதிர்த்து லண்டனுக்குப் போன மேல்முறையீடு 1832இல் தள்ளுபடியானபோது அவரும் அங்கேதான் இருந்தார். இந்தத் தயக்கத்தை ஒரு பலவீனமாக நான் பார்க்கவில்லை. கோல் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி அவரிடம்தான் முதலில் வலியோடு எழுகிறது.

1856இல் விதவை மறுமணச் சட்டம். வித்யாசாகர் அதற்காகப் பராசர ஸ்மிருதியிலிருந்து ஒரு சுலோகத்தைத் தேடி எடுத்து வாதாடினார். அடுத்த வருடமே சிப்பாய்க் கிளர்ச்சி. 1858 நவம்பர் 1 அன்று விக்டோரியா ராணியின் பிரகடனம், குடிமக்களின் மத நம்பிக்கையிலும் வழிபாட்டிலும் தலையிட மாட்டோம் என்று உறுதி சொன்னது. வீட்டு வாசல் மறுபடி சாத்தப்பட்டது.

ருக்மாபாயும் பூல்மணியும்

அந்தக் கதவைத் தட்டியவள் பம்பாயில் ஓர் இளம்பெண். ருக்மாபாய்க்கு 11 வயதில் திருமணம். கணவனோடு வாழப் போகவே இல்லை, தாய் வீட்டில் படித்துக்கொண்டிருந்தார். 1884இல் கணவன் தாதாஜி, மனைவியைச் சேர்த்து வைக்கக் கோரி வழக்குப் போட்டான். முதல் நீதிபதி பின்ஹே, அறியாத வயதில் கட்டி வைக்கப்பட்ட பெண்ணை விருப்பமில்லாமல் அனுப்ப முடியாது என்று வழக்கைத் தள்ளினார். மேல்முறையீட்டில் அது மாறியது. 1887 மார்ச்சில், கணவனிடம் போ, இல்லாவிட்டால் ஆறு மாதச் சிறை என்றது நீதிமன்றம். சிறைக்கே போகிறேன் என்றார் ருக்மாபாய். கடைசியில் 1888இல் பணம் கொடுத்துச் சமரசமானது. அவர் இங்கிலாந்து போய் மருத்துவம் படித்துத் திரும்பி, சூரத்தில் நெடுங்காலம் மருத்துவராக இருந்தார். வழக்கு நடக்கும்போது 'ஓர் இந்துப் பெண்' என்ற பெயரில் டைம்ஸ் ஆஃப் இந்தியாவுக்கு அவர் எழுதிய கடிதங்களை அரசியல் சிந்தனைப் பாடத்தில் சேர்க்க வேண்டும். யாரும் சேர்ப்பதில்லை.

1890இல் கல்கத்தாவில் பூல்மணி என்ற சிறுமி, தன்னைவிட மிக மூத்த கணவனின் உடலுறவால் இறந்தாள். அப்போதைய தண்டனைச் சட்டப்படி சம்மத வயது 10. அவள் அந்த வயதைத் தாண்டியிருந்ததால் கணவன் மீது வன்புணர்வுக் குற்றம் நிற்கவில்லை. வேறொரு சிறிய குற்றத்துக்காக ஓராண்டுக் கடுங்காவல் கிடைத்தது. பம்பாயின் பத்திரிகையாளர் மலபாரி 1884 முதல் நடத்திவந்த பிரசாரத்துக்கு இது வலு சேர்த்தது. 1891 மார்ச்சில் சம்மத வயதை 12 ஆக உயர்த்தும் சட்டம் வந்தது.

பத்திலிருந்து பன்னிரண்டு. அதற்கே நாடு இரண்டாகப் பிளந்தது. திலகர் கடுமையாக எதிர்த்தார். குழந்தைத் திருமணம் நல்லது என்று அவர் வாதாடவில்லை. சீர்திருத்தக்காரர்கள் முதலில் தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொள்ளட்டும், அந்நிய அரசாங்கத்தின் சட்டம் நம் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அவர் நிலை. அவருடைய பழைய தோழர் அகர்கர் இதே கேள்வியில் அவரை விட்டுப் பிரிந்து சுதாரக் என்ற பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். சட்டம் நல்லதென்றால் யார் போட்டால் என்ன என்பது அகர்கர் கட்சி. பின்னாளில் நீதிபதியான தெலாங் 1886இல், எதிர்ப்பு குறைவாக உள்ள பாதையில் முதலில் நடப்போம், அரசியல் சீர்திருத்தம் எளிது, சமூகச் சீர்திருத்தம் கடினம் என்றார். நடைமுறைக்கு ஒத்துவரும் பேச்சு. யாருக்கு எளிது என்பது மட்டும் அதில் கேட்கப்படவில்லை.

ரானடே போன்றவர்கள் 1887இல் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது அதை ஒட்டி சமூக மாநாட்டைத் தொடங்கியிருந்தார்கள். ஒரே பந்தலில் முதலில் அரசியல், பிறகு சமூகம் என்று சில வருடங்கள் ஓடியது. 1892இல் அலகாபாத் காங்கிரஸ் தலைவர் டபிள்யூ. சி. பானர்ஜி, எங்கள் விதவைகள் மறுமணம் செய்யாததால் நாங்கள் அரசியல் உரிமைக்குத் தகுதியற்றவர்களா என்று கேலியாகக் கேட்டார். 1895இல் புனேயில் திலகரின் ஆதரவாளர்கள், சமூக மாநாடு காங்கிரஸ் பந்தலில் நடந்தால் பந்தலைக் கொளுத்துவோம் என்றார்கள். பந்தல் பிரிந்தது.

இந்தச் சண்டை முழுவதும் மேல்சாதிப் படித்தவர்களின் கூடத்தில் நடந்தது. அதே புனேயில், அந்தக் கூடத்துக்கு வெளியே, ஜோதிராவ் பூலே வேறு கணக்குப் போட்டார். 1882இல் ஹண்டர் கல்விக் குழுவிடம் அவர் சொன்னது: அரசின் வருமானம் உழவனின் வியர்வையிலிருந்து வருகிறது, கல்விச் செலவோ மேல்வகுப்பாருக்குப் போகிறது. கருவூலத்தைப் பற்றி கௌடில்யர் பக்கம் பக்கமாக எழுதினார், அதை எப்படி நிரப்புவது என்று. நிரப்பியவனுக்கு அதிலிருந்து என்ன திரும்பி வருகிறது என்று கேட்டவர் பூலே. அந்நிய அரசு தலையிடுகிறதே என்ற வருத்தம் அவருக்கு இல்லை. போதிய அளவு தலையிடவில்லை என்பதே அவர் புகார். 1818 வரை மராத்தியப் பேஷ்வாக்களின் அரசு சாதிக் கட்டுப்பாட்டைத் தண்டம் கொண்டு காத்த ஊர் அது. உள்ளூர்க் கோலின் அடி எப்படி இருக்கும் என்று அங்கே மக்களுக்குத் தெரியும்.

குளத்தங்கரையிலிருந்து அரசியல் சாசனத்துக்கு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. 1905 வாக்கில் தஞ்சாவூர் மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் அரசின் கீழைச்சுவடி நூலகத்தில் ஒரு சுவடியைக் கொடுத்துவிட்டுப் போனார். நூலகர் ஷாமசாஸ்திரி அதுதான் காணாமல்போன அர்த்தசாஸ்திரம் என்று கண்டு 1909இல் அச்சிட்டார். இந்தியர்களுக்கு அரசியல் அறிவு கிடையாது என்று சொல்லிவந்த வெள்ளைக்காரர்களுக்குப் பதிலடி கிடைத்துவிட்டது என்று தேசியவாதிகள் கொண்டாடினார்கள். அவர்கள் எடுத்துக்காட்டியது வெளியுறவு, கருவூலம், நிர்வாகம். மணமுறிவுப் பகுதியைப் பற்றி அவ்வளவு உற்சாகம் இல்லை.

அதே காலத்தில் அரசாணையை மறுபக்கமாகத் திருப்பிய அரசர்களும் இருந்தார்கள். கோலாப்பூரின் சாகு மகாராஜா 1902 ஜூலை 26 அன்று அரசுப் பணிகளில் பாதி இடத்தைப் பின்தங்கிய வகுப்பாருக்கு ஒதுக்கினார். திருவிதாங்கூரில் 1936 நவம்பரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. அதற்குப் பின்னால் நாராயண குரு முதல் வைக்கம் போராட்டம் வரை நீண்ட அழுத்தம் இருந்தது.

ஆணை மட்டும் போதாது என்பதற்கு மகாராஷ்டிரத்தின் மஹாட் ஊர்க் குளம் சாட்சி. பொதுக் குளங்கள் எல்லோருக்கும் திறந்தவை என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. மஹாட் நகராட்சியும் அதை ஏற்றது. ஒரு தீண்டப்படாதவரும் அந்தத் தண்ணீரைத் தொட முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் போய்க் குடித்தார்கள். அடிவிழுந்தது, குளத்துக்குத் தீட்டுக் கழிக்கும் சடங்கும் நடந்தது. அந்த டிசம்பர் 25 அன்று அதே ஊரில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. அரசின் சட்டம் ஒன்று, ஊரின் சட்டம் ஒன்று என்று இரண்டு இருக்கும்போது ஊர்ச் சட்டத்தின் மூலநூலோடு மோதாமல் வழியில்லை என்ற முடிவு அது.

காந்திக்கு அரசின் கோல் மீதே நம்பிக்கை குறைவு. மனமாற்றம், விரதம், ஆசிரமம் என்பது அவர் வழி. ஆனாலும் 1933இல் ஆலயப் பிரவேச மசோதா வந்தபோது அதை ஆதரித்தார். அம்பேத்கர் இந்த விவாதத்தை 1936இல், லாகூரில் பேச முடியாமல் போன சாதி ஒழிப்பு உரையில், 1895 பந்தல் சண்டையிலிருந்தே தொடங்குகிறார். அரசியல் விடுதலை முதலில் என்றவர்கள் வென்றார்கள், சமூக மாநாடு செத்தது. அதன் விலை என்ன என்று கேட்கிறார். சமூகப் புரட்சி முந்தினால்தான் அரசியல் புரட்சி நிற்கும் என்பதற்கு அவர் தரும் சான்றுகளில் ஒன்று, புத்தருக்குப் பிறகே சந்திரகுப்தர் வந்தார் என்பது.

தமிழ்நாட்டில் பெரியார் இன்னொரு வழி பிடித்தார். 1925இல் காஞ்சிபுரத்தில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடம் தராததால் காங்கிரசை விட்டு வந்தவர், அரசு வந்து கல்யாணத்தைச் சீர்திருத்தும் வரை காத்திருக்கவில்லை. புரோகிதரும் மந்திரமும் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் ஊர் ஊராக நடந்தன. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை, மணமுறிவு உரிமை என்று தீர்மானம் போட்டது. சட்டம் பின்னால் நொண்டியது. அத்தகைய திருமணங்கள் செல்லாது என்று நீதிமன்றமே சொன்ன காலம் உண்டு. அண்ணா ஆட்சிக்கு வந்த பிறகு, 1967 திருத்தத்தின் மூலம்தான் அவை செல்லுபடியாயின. பல்லாயிரம் குடும்பங்கள் அதற்குள் பேரன் பேத்தி எடுத்துவிட்டன.

1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தை இந்த வரிசையில் வைத்துப் படித்தால், பிருதுவின் உறுதிமொழியைத் தலைகீழாக்கியதுபோல இருக்கிறது. 14ஆம் பிரிவு, சட்டத்தின் முன் எல்லோரும் சமம். 17ஆம் பிரிவு, தீண்டாமை ஒழிக்கப்பட்டது, கடைப்பிடித்தால் குற்றம். 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லியே பட்டியலிடுகிறது; மஹாட்டை அறிந்தவர்கள் எழுதிய வரி. 25ஆம் பிரிவு மதச் சுதந்திரம் தந்துவிட்டு, சமூகச் சீர்திருத்தத்துக்கு அரசு சட்டம் இயற்றலாம், இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறக்கலாம் என்று சேர்த்தது. 1948 டிசம்பர் 2 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் சொன்னார்: இந்த நாட்டில் மதம் என்பது பிறப்பிலிருந்து இறப்பு வரை எல்லாவற்றையும் மூடுகிறது; அதற்கு இவ்வளவு விரிந்த அதிகாரம் எதற்கு, பிறகு நாம் சுதந்திரம் பெற்றது எதற்கு?

கிணற்றடி வரை சாசனம் போய்விட்டது. வீட்டு வாசலில்தான் தடுமாறியது. இந்து சட்டத் தொகுப்புக்காக அம்பேத்கர் பராசர ஸ்மிருதியையும் கௌடில்யரையும்கூடச் சாட்சிக்கு அழைத்தார். மனுவை எரித்தவர் பழைய நூல்களை வைத்தே பழமைவாதிகளை மடக்கப் பார்த்தார். நடக்கவில்லை. அவர் விலகிய பிறகு 1955, 1956ஆம் ஆண்டுகளில் அது நான்கு சட்டங்களாகத் துண்டு துண்டாக நிறைவேறியது. இதற்கிடையே 1951இல் நரசு அப்பா மாலி வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம், எழுதப்படாத தனிநபர் சட்டங்களை அடிப்படை உரிமைகளின் உரைகல்லில் சோதிக்க முடியாது என்றது. ஹேஸ்டிங்ஸ் 1772இல் போட்ட வேலி அப்படியே சுதந்திர இந்தியாவுக்குள்ளும் நடப்பட்டது. 2018 சபரிமலைத் தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட் அந்த 1951 தீர்ப்பைக் கடுமையாக விமர்சித்தார்.

திலகரின் வாதத்தில் ஒரு பாதி செத்துவிட்டது. இப்போது கோல் அந்நியன் கையில் இல்லை. மறுபாதி வேறு வடிவில் உயிரோடு இருக்கிறது: அரசு உள்ளே வந்தால் யார் பக்கம் நிற்கும்? சீர்திருத்தக்காரர்கள் அரசை உள்ளே அழைத்தது ஒரு தனி ஆளை, பெரும்பாலும் ஒரு பெண்ணை, குடும்பத்தின் பிடியிலிருந்து விடுவிக்க. 2025 ஜனவரியில் உத்தராகண்டில் நடைமுறைக்கு வந்த பொது சிவில் சட்டம், திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழும் இருவர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும், தவறினால் சிறைகூட உண்டு என்கிறது. இதுவும் அரசு வீட்டுக்குள் வருவதுதான். ஆனால் ருக்மாபாய் கேட்ட அரசு இதுவா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். வயது வந்த இருவர் குடும்பத்தை மீறி எடுத்த முடிவை இது மறுபடி ஊர்க் கண்ணுக்கு முன்னால் இழுத்து வைக்கிறது.

ருக்மாபாயும் பூல்மணியும் எழுப்பிய கேள்வியோ பாதியில் நிற்கிறது. மணவாழ்க்கைக்குள் மனைவியின் சம்மதம் சட்டத்தின் கணக்கில் வரும் வயது 1860இல் 10, 1891இல் 12, 1925இல் 13, 1949இல் 15 என்று நகர்ந்து, 2017இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 18 ஆனது. அதற்கு மேற்பட்ட மனைவியிடம் கணவன் கட்டாயமாக உறவு கொண்டால் அது வன்புணர்வு ஆகாது என்ற விதிவிலக்கு, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதையின் 63ஆம் பிரிவிலும் அப்படியே தொடர்கிறது. 2022இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இதில் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். 2024 அக்டோபரில் மத்திய அரசு, இதை வன்புணர்வு என்று வகைப்படுத்துவது மிகக் கடுமையானது, திருமணம் என்ற அமைப்பைப் பாதிக்கும் என்று உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது.